வெள்ளம் வடிந்தபின் போன் இணைப்பை மீட்பது: எதை முதலில் செய்வது, எதை அப்புறம்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை கொட்டியபோது பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், முடிச்சூர் பக்கமெல்லாம் தரைத்தள வீடுகள் மூழ்கின. எங்கள் வீடும் அதில் ஒன்று. தண்ணீர் வடிந்தது, கரண்ட் வந்தது, வீட்டைக் கழுவி முடித்தோம். அதற்குப் பிறகும் எங்களை விடாமல் அலைக்கழித்தது போன்தான். கருவி கெட்டது சின்ன நஷ்டம். அந்த எண்ணோடு இணைத்து வைத்திருந்த வங்கிக் கணக்கு, ஆதார், கேஸ் புக்கிங், ஜிபே எல்லாம் ஒரே நேரத்தில் நின்றதுதான் பெரிய அவதி.

சிக்கல் எங்கே என்றால், வங்கியில் ஓடிபி கேட்கிறார்கள். ஓடிபி வர சிம் வேண்டும். சிம் வாங்க ஆதார் வேண்டும். ஆதாரைத் தரவிறக்கப் போனால் அங்கேயும் ஓடிபி. எந்த நுனியைப் பிடித்து இழுப்பது என்று தெரியாமல் எல்லாக் கவுண்டரிலும் நின்று திரும்பியவர்கள் எங்கள் தெருவிலேயே பலர். வரிசை தெரிந்தால் இதில் பாதி அலைச்சல் மிச்சம். சென்னைக்குப் புதிதாகக் குடிவந்தவர்களுக்காகவும், முதல்முறை வெள்ளத்தைப் பார்ப்பவர்களுக்காகவும் அந்த வரிசையை எழுதுகிறேன். கடலூர், விழுப்புரம், நாகப்பட்டினம் பக்கம் புயல் பார்க்கிறவர்களுக்கும் பெரும்பாலும் இதுவே பொருந்தும்.

1. முக்கியமான பேச்சை மழை பெய்யும்போதே முடித்துவிடுங்கள்

கரண்ட் போனதும் செல்போன் டவர் உடனே அணைந்துவிடாது. சில மணி நேரம் பேட்டரியில் ஓடும். அப்புறம் டீசல் ஜெனரேட்டர். தெருவில் இடுப்பளவு தண்ணீர் நின்றால் டீசல் வண்டி உள்ளே வர முடியாது. அதனால் டவர்கள் ஒவ்வொன்றாக அணைய ஆரம்பிக்கும். மழை கொட்டும்போது ஒழுங்காக இருந்த சிக்னல், மழை விட்ட பிறகு காணாமல் போவதற்கு இதுதான் காரணம். "மழை நிற்கட்டும், காலையில் பேசிக்கொள்ளலாம்" என்று எதையும் தள்ளிப்போடாதீர்கள்.

ஒரே ஒரு ஆளை, வெள்ளம் இல்லாத ஊரில் இருக்கும் ஒருவரை, உங்கள் வீட்டுக்குத் தகவல் மையமாக வைத்துக்கொள்ளுங்கள். மதுரையில் இருக்கும் சித்தப்பாவோ கோவையில் இருக்கும் நண்பரோ யாராவது. மற்ற சொந்தக்காரர்கள் எல்லோரும் அவரையே கேட்டுக்கொள்ளட்டும். உங்கள் பேட்டரியை இருபது பேருக்கு "நல்லா இருக்கோம்" சொல்லியே தீர்க்க வேண்டியதில்லை.

சிக்னல் தடுமாறும்போது கால் போகாது. எஸ்எம்எஸ் போகும், கொஞ்சம் தாமதமானாலும் போய்ச் சேரும். வீட்டு முகவரி, எத்தனை பேர், யாருக்கு மருந்து வேண்டும் என்பதை ஒரே செய்தியில் எழுதுங்கள்.

சில நேரம் திரையில் சிக்னல் கட்டைகள் முழுதாகத் தெரியும், ஆனால் கால் எடுக்காது, நெட்டும் வராது. டவரில் கரண்ட் இருக்கிறது, அதை ஊரோடு இணைக்கும் ஃபைபர் அறுந்துவிட்டது என்று பொருள். போனை அணைத்து அணைத்துப் போட்டு ஒன்றும் ஆகாது. ஒரு தெரு தள்ளி, வேறு டவர் எட்டும் இடத்துக்கு, இல்லையென்றால் மொட்டை மாடிக்குப் போய்ப் பாருங்கள்.

சிக்னல் இல்லாத இடத்தில் போன் டவரைத் தேடித் தேடியே பேட்டரியைக் குடித்துவிடும். ஏரோப்ளேன் மோடில் போட்டு வைத்து, மணிக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள். ஏர்டெல், வி (வோடஃபோன் ஐடியா), பிஎஸ்என்எல் சிம் என்றால் செட்டிங்கில் 2ஜிக்கு மாற்றினால் பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் குறைந்த பேட்டரியில் ஓடும். ஜியோவுக்கு 2ஜி கிடையாது, அதில் இதை முயல வேண்டாம்.

அவசர எண்களைப் பற்றி ஒன்று. திரையில் "எமர்ஜென்சி கால்ஸ் ஒன்லி" என்று தெரிந்தால், உங்கள் நிறுவன டவர் போய்விட்டது, வேறு ஏதோ நிறுவன டவர் எட்டுகிறது என்று அர்த்தம். அப்போது 112 போகும். மாநிலக் கட்டுப்பாட்டு அறையின் 1070, மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077, சென்னை மாநகராட்சியின் 1913 எல்லாம் அந்த நிலையில் போகும் என்று நம்பியிருக்காதீர்கள். வெளியூரிலிருந்து உங்களுக்காக 1077-ஐ அழைப்பவர்கள் முன்னால் உங்கள் மாவட்டத்தின் எஸ்டிடி கோடைச் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் அவர்கள் ஊர் கலெக்டர் ஆபீஸ்தான் எடுக்கும்.

2. அடுத்த நிறுவனத்தின் டவரில் ஏறிக்கொள்ளுங்கள்

இது பலருக்கும் தெரியாத வசதி. பேரிடர் நேரத்தில் தொலைத்தொடர்புத் துறை சொன்னால், பாதித்த மாவட்டங்களுக்கு மட்டும், சில நாட்களுக்கு எல்லா நிறுவனங்களும் தங்கள் டவர்களை ஒருவருக்கொருவர் திறந்துவிடும். ஏர்டெல் சிம் வைத்திருப்பவர் ஜியோ டவரில் பேசலாம், பிஎஸ்என்எல் சிம்காரர் வி டவரில் பேசலாம். இன்ட்ரா சர்க்கிள் ரோமிங் என்பார்கள். மிக்ஜாமின்போது சென்னையைச் சுற்றித் திறந்துவிட்டார்கள். தனிக் கட்டணம் இல்லை, உங்கள் பேக்கிலேயே ஓடும்.

சில போன்கள் தாமாகவே மாறிக்கொள்ளும். மாறவில்லை என்றால் செட்டிங்கில் மொபைல் நெட்வொர்க் போய், அதில் நெட்வொர்க் ஆபரேட்டர் பகுதியில் "ஆட்டோமேட்டிக்" என்பதை அணையுங்கள். போன் சுற்றிலும் தேடி ஒரு பட்டியல் காட்டும். அதில் வேறு நிறுவனப் பெயரைத் தொடுங்கள். டேட்டா ரோமிங்கையும் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் பேச்சு வரும், நெட் வராது.

இதில் மூன்று இடத்தில் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள். இந்தத் தேடலுக்கே சில நிமிடம் பிடிக்கும், பேட்டரியும் சாப்பிடும். சார்ஜ் கடைசிச் சொட்டில் இருக்கும்போது முயல வேண்டாம். "பதிய முடியவில்லை" என்று வந்தால் உங்கள் பகுதிக்கு இன்னும் திறக்கவில்லை என்று பொருள், சில மணி நேரம் கழித்துத் திரும்பப் பாருங்கள். மூன்றாவதுதான் முக்கியம்: நிலைமை சரியானதும் மறக்காமல் "ஆட்டோமேட்டிக்"கைத் திரும்பப் போட்டுவிடுங்கள். போடாவிட்டால், நிறுவனங்கள் அந்த ஏற்பாட்டை முடித்துக்கொண்டதும் உங்கள் போன் அந்த வேறு நிறுவன டவரையே பிடித்துக்கொண்டு சிக்னலே இல்லாமல் நிற்கும். ஊர் முழுக்க நெட் வந்துவிட்டது, எனக்கு மட்டும் வரவில்லை என்று புலம்பிய இரண்டு பேரின் போனை வாங்கிப் பார்த்தால் இதுதான் காரணமாக இருந்தது.

பக்கத்து வீட்டில் இன்வெர்ட்டர் இருந்து, அவர்கள் ஃபைபர் நெட் ஓடினால், உங்கள் போனில் வைஃபை காலிங்கைப் போட்டு அவர்கள் வைஃபையில் இணையுங்கள். டவரே இல்லாமல் உங்கள் எண்ணிலிருந்தே சாதாரணக் கால் போகும், வரும். எல்லா போனிலும் இந்த வசதி இல்லை. இருக்கிறதா என்று இப்போதே பார்த்து வையுங்கள்.

3. மூழ்கிய போனைத் தூக்கிப்போடும் முன் சிம்மை எடுங்கள்

தண்ணீரில் கிடந்த போன் போய்விடும். சிம் பெரும்பாலும் போகாது. அது பிளாஸ்டிக்கில் பதித்த ஒரு சிறு சிப்தான். சேறு போக நல்ல தண்ணீரில் கழுவி, மென்மையான துணியால் துடைத்து, நன்றாக உலரவிட்டு வேறு போனில் போட்டுப் பாருங்கள். தங்க நிறத் தகடு தேயும்படி அழுத்தித் தேய்க்கக் கூடாது. எங்கள் வீட்டில் ஒரு நாள் முழுக்கத் தண்ணீருக்குள் கிடந்த சிம் ஒன்று இப்படித்தான் பிழைத்தது. பிழைத்துவிட்டால் 4, 5, 6 ஆகிய படிகள் உங்களுக்குத் தேவையே இல்லை, நேராக எட்டாவதற்குப் போகலாம்.

அதனால்தான் சொல்கிறேன், கெட்டுப்போன போனை சர்வீஸ் கடையில் கொடுக்கும்போது சிம்மோடு கொடுக்காதீர்கள். வெள்ளத்துக்கு அப்புறம் சர்வீஸ் கடைகளில் போன்கள் கோணிக் கணக்கில் குவியும். யார் சிம் எதில் இருந்தது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

4. சிம் கடைக்குப் போகும் முன்: அடையாளம்

மேலே சொன்ன சிக்கலின் நுனி உங்கள் விரலில் இருக்கிறது. ஆதார் அட்டை கையில் இல்லாவிட்டாலும், ஆதார் எண் தெரிந்தால் போதும். சிம் கடையில் விரல் ரேகை வைத்துச் சரிபார்ப்பார்கள், ஓடிபி கேட்க மாட்டார்கள்.

எண் தெரியவில்லையா? பழைய வாட்ஸாப் செய்தியில் யாருக்காவது அனுப்பியிருப்பீர்கள். பிள்ளையின் பள்ளியில், வீட்டு வாடகை ஒப்பந்தத்தில், அலுவலக ஹெச்ஆரிடம் நகல் இருக்கும். எங்குமே இல்லை என்றால் ஆதார் சேவை மையத்துக்குப் போங்கள். பெயர், பின்கோடு போன்ற விவரங்களைச் சொல்லி விரல் ரேகை வைத்தால் எண்ணைக் கண்டுபிடித்து அச்செடுத்துக் கொடுப்பார்கள். கட்டணம் நூறு ரூபாய்க்குள்தான். மையத்துக்குள் போய்த்தான் கட்ட வேண்டும், வாசலில் நிற்கும் ஆட்களிடம் இல்லை.

ஆதாருடன் இணைத்த போன் எண் பழையதாக, இப்போது பயன்பாட்டில் இல்லாததாக இருந்தால், அதே மையத்தில் அப்போதே மாற்றிவிடுங்கள். இதற்குத் தனியாக எந்த ஆவணமும் வேண்டாம், ரேகை போதும். பின்னால் வங்கிக்குப் போகும்போது இது பெரிய உதவி.

ஆவணங்களை வைத்துக்கொள்ளும் அரசுச் செயலியான டிஜிலாக்கர் இருக்கிறதே என்பீர்கள். டிஜிலாக்கரில் இருக்கும் ஆவணத்துக்கு அசலுக்குச் சமமான மதிப்பு உண்டு. ஆனால் புதிய போனில் அதற்குள் நுழைய ஓடிபி வேண்டும். சிம் வந்த பிறகுதான் அது உதவும்.

ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, சான்றிதழ்கள், பட்டா எல்லாம் போய்விட்டவர்களுக்கு அரசு சிறப்பு முகாம் நடத்துவது வழக்கம். 2015 வெள்ளத்துக்குப் பிறகும் நடத்தினார்கள், மிக்ஜாமுக்குப் பிறகும் நடத்தினார்கள். வார்டு அலுவலகத்திலும் தாலுகா அலுவலகத்திலும் கேட்டு வையுங்கள். முகாமில் வாங்கும் ஆவணங்களுக்கு சிம்முக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை, இரண்டையும் ஒரே வாரத்தில் நடத்தலாம். ஆனால் அந்த மனுவில் போன் எண் கேட்பார்கள். ஓடுகிற எண்ணாக, வீட்டில் யாருடையதாவது கொடுங்கள்.

5. டூப்ளிகேட் சிம்

நிறுவனத்தின் சொந்த ஷோரூமுக்குப் போங்கள். தெருமுனைக் கடையில் புது சிம் எளிதாகக் கிடைக்கும், ஆனால் இருக்கும் எண்ணுக்கு மாற்று சிம் எல்லாக் கடையிலும் போட மாட்டார்கள். வெள்ளம் வந்த பகுதியின் ஷோரூம்களைத் தேடி நிற்காதீர்கள். அங்கே கரண்டும் நெட்டும் வந்திருந்தாலும் கூட்டம் நிற்க இடமிருக்காது, சர்வரும் இழுக்கும். தண்ணீர் ஏறாத பகுதிக்கு பஸ் ஏறிப் போனால் அரை மணி நேரத்தில் முடியும் வேலை.

கொண்டு போக வேண்டியவை: ஆதார் எண்ணோ அசல் அடையாள அட்டையோ ஏதாவது ஒன்று, பேசக்கூடிய இன்னொரு எண், கொஞ்சம் ரொக்கம். கட்டணம் ஐம்பது ரூபாயில் ஆரம்பித்து நூறு, அதை ஒட்டி வரும். வெள்ளத்துக்குப் பிறகு சில கடைகளில் வாங்குவதில்லை. ரசீது கேளுங்கள்.

இனி எங்கே மாட்டுவீர்கள் என்று பார்ப்போம்.

சிம் யார் பெயரில் இருக்கிறது? இதுதான் பெரிய பொறி. பத்து வருடத்துக்கு முன் அப்பா பெயரில் வாங்கி மகன் பயன்படுத்துவது, வீட்டுக்காரர் பெயரில் வாங்கி மனைவி பயன்படுத்துவது நம் வீடுகளில் சாதாரணம். மாற்று சிம் வாங்கப் பெயருக்கு உரியவரே நேரில் வந்து ரேகை வைக்க வேண்டும். அவர் வெளியூரில் இருந்தால், அங்கேயே ஷோரூமில் எடுத்து கூரியரில் அனுப்பச் சொல்வது எளிது. அவர் இறந்துபோயிருந்தால் முதலில் இணைப்பை உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும். அதற்கு இறப்புச் சான்று, உங்கள் அடையாளம், வாரிசுகளின் ஒப்புதல் கேட்பார்கள். ஒரே வருகையில் முடியாது. அந்த எண் வங்கியோடு இணைந்ததாக இருந்தால், சிம்மைத் துரத்துவதை விட்டுவிட்டு வங்கியில் நேரில் போய் வேறு எண்ணைப் பதிவதுதான் வேகமான வழி.

ரேகை விழாது. இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. நாட்கணக்கில் சேற்றையும் பிளீச்சிங் பவுடரையும் கழுவிய கைகள் ஊறிச் சுருங்கியிருக்கும். என் மாமியார் கட்டை விரலை வைக்க வைக்க மெஷினில் சிவப்பு விளக்குதான் எரிந்தது. கவுண்டரில் இருந்த பையன் பொறுமையாக, "அம்மா, கைய நல்லாத் தொடச்சிட்டுக் கொஞ்ச நேரம் ஃபேன் கீழ உக்காருங்க, அப்புறம் மோதிர விரல் வைங்க" என்றான். அதில்தான் விழுந்தது. பத்து விரலையும் முயலச் சொல்லுங்கள். அப்படியும் விழாவிட்டால், அசல் அட்டையைப் படமெடுத்து, உங்களையும் அங்கேயே படமெடுத்துச் செய்யும் முறை இருக்கிறது. "ரேகை விழலைன்னா முடியாது" என்று அனுப்பினால் அந்த முறையைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்: டிஜிட்டல் கேஒய்சி. வயதானவர்களுக்கு இது மிகவும் தேவை.

எண்ணை மாற்றச் சொல்வார்கள். எங்களுக்கே ஒரு கடையில் "பழைய நம்பர் ரொம்ப டைம் ஆகும், புது நம்பர் இப்பவே ஆக்டிவேட் பண்ணித் தர்றேன்" என்றார்கள். புது எண் விற்றால் அவர்களுக்குக் கமிஷன். வங்கி, ஆதார், எல்ஐசி, கேஸ் எல்லாவற்றிலும் எண் மாற்றும் வேலை உங்கள் தலையில் விழும். அவசரத்துக்குப் பேச ஒரு புது எண் வேண்டும் என்றால் தனியாக வாங்குங்கள், பழையதை விடாதீர்கள்.

நிறுவனத்தையும் இப்போது மாற்றாதீர்கள். சிம் மாற்றியபின் 7 நாட்களுக்கு வேறு நிறுவனத்துக்கு எண்ணை போர்ட் செய்ய முடியாது.

தள்ளியும் போடாதீர்கள். பாட்டியின் போன் மூழ்கிவிட்டது, பொங்கலுக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், 90 நாட்கள் பயன்பாடே இல்லாத ப்ரீபெய்ட் எண்ணை நிறுவனம் முடக்கலாம். கணக்கில் 20 ரூபாய் இருப்பு இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு இன்னும் 30 நாள் கொடுப்பார்கள். அந்த எண்ணில்தான் ஓய்வூதியத் தகவல் வரும் என்றால் இதை முதலில் செய்யுங்கள்.

6. அடுத்த 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராது

புது சிம் போட்டதும் பேச முடியும், நெட் வரும். ஆனால் எஸ்எம்எஸ் 24 மணி நேரத்துக்கு வரவும் வராது, போகவும் போகாது. சிம்மைத் திருடி மாற்றி வங்கிப் பணத்தை எடுக்கும் மோசடியைத் தடுக்க வைத்த விதி. நல்ல விதிதான். தெரியாமல் போனால் மட்டும் சிம்மே கெட்டது என்று நினைத்துத் திரும்பக் கடைக்கு ஓடுவீர்கள். அங்கே இன்னொரு சிம் போட்டுக் கொடுத்தால் 24 மணி நேரம் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

இதை வைத்து நாளைத் திட்டமிடுங்கள். வீட்டில் எல்லோருடைய சிம்மையும் ஒரே நாளில் மாற்றினால், ஒரு நாள் முழுக்க வீட்டில் யாருக்கும் ஓடிபி வராது. வங்கிக் கணக்கோடு இணைந்த எண்ணை முதல் நாள் மாற்றுங்கள், மற்றவை அதற்கு அடுத்து. இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகளில் வங்கி கிடையாது. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை சிம் வாங்கினால் ஓடிபி வரும் நேரத்தில் வங்கி மூடியிருக்கும். திங்கள், செவ்வாயில் சிம் வாங்குவது நல்லது.

வாட்ஸாப்புக்குக் காத்திருக்க வேண்டாம். எஸ்எம்எஸ்ஸுக்குப் பதில் கால் மூலம் கோடு பெறும் வழி அதில் உண்டு, அதைத் தேர்ந்தெடுங்கள்.

7. கருவி அடித்துக்கொண்டு போயிருந்தால்

மூழ்கிச் செத்த போன் உங்கள் கையிலேயே இருந்தால் இந்தப் படி தேவையில்லை. தண்ணீரில் போய்விட்டது, நிவாரண முகாமில் காணாமல் போனது என்றால் மட்டும்.

காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, புகாரைப் பெற்றதற்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்குங்கள். கட்டணம் இல்லை. புகாரில் போனின் ஐஎம்இஐ எண்ணை, அதாவது அந்தக் கருவிக்கே உரிய அடையாள எண்ணை, எழுத வேண்டும். அது வாங்கிய பெட்டியின் மேல் இருக்கும், பில்லிலும் இருக்கும். இரண்டும் நனைந்துவிட்டால் வாங்கிய கடையில் பில் நகல் கேளுங்கள். அப்புறம் மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில், தொலைந்த போனை முடக்கும் பகுதியில் விவரங்களையும் ரசீதையும் ஏற்றினால் எல்லா நிறுவனங்களின் நெட்வொர்க்கிலும் அந்தக் கருவி முடங்கும். அங்கேயும் ஓடிபி உண்டு. ஆகவே மாற்று சிம் வாங்கி, 24 மணி நேரம் கழிந்த பிறகுதான் இதைச் செய்ய முடியும். கிடைக்கும் கோரிக்கை எண்ணைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். போன் திரும்பக் கிடைத்தால் அந்த எண்ணை வைத்து முடக்கத்தை எடுத்தபின்தான் பயன்படுத்த முடியும்.

அதே தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை எண்கள் இருக்கின்றன என்றும் பார்க்கலாம். முகாம்களில் ஆதார் நகலைக் கண்ட இடத்தில் கொடுத்திருப்போம். ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

8. வங்கியும் ஜிபேயும்

எஸ்எம்எஸ் வர ஆரம்பித்ததும் ஜிபே போன்ற யுபிஐ செயலியைப் புதிய போனில் ஏற்றுங்கள். அது உங்கள் எண்ணிலிருந்து ஒரு எஸ்எம்எஸ்ஸைத் தானாக அனுப்பித்தான் கணக்கைக் கண்டுபிடிக்கும். எனவே அந்த சிம் அதே போனில் இருக்க வேண்டும், எஸ்எம்எஸ் அனுப்பும் பேக்கும் இருக்க வேண்டும். சில மலிவு ரீசார்ஜ்களில் எஸ்எம்எஸ் கிடையாது.

ஏடிஎம் கார்டும் போய்விட்டதென்றால் ஆதாரைக் கொண்டு யுபிஐ பின் வைக்கும் வழி பல வங்கிகளில் இருக்கிறது. ஆதாரில் இருக்கும் எண்ணும் வங்கியில் இருக்கும் எண்ணும் ஒன்றாக இருந்தால்தான் அது நடக்கும். நான்காம் படியில் எண்ணைச் சரிபார்க்கச் சொன்னது இதற்குத்தான்.

புதிதாகப் பதிந்த முதல் 24 மணி நேரத்தில் 5,000 ரூபாய்க்கு மேல் அனுப்ப முடியாது. வெள்ளத்தில் போன ஃப்ரிட்ஜுக்கு மாற்று வாங்க அன்றைக்கே கடைக்குப் போகாதீர்கள். சிம் போன நாளிலிருந்து யுபிஐ முழுதாகத் திரும்பும் வரை சில நாட்கள் ரொக்கத்தில்தான் ஓட்ட வேண்டும். அந்த நாட்களில் ஏடிஎம்மும் நெட் இல்லாமல் மூடிக் கிடக்கும், கடையில் கார்டு மெஷினும் வேலை செய்யாது.

நிவாரணத் தொகை வந்திருக்கிறது, ஓடிபி சொல்லுங்கள் என்று கால் வந்தால் வைத்துவிடுங்கள். மிக்ஜாம் நிவாரணமான 6,000 ரூபாயை ரேஷன் கடையில் டோக்கன் வைத்து ரொக்கமாகத்தான் கொடுத்தார்கள். அதற்கு யாரும் ஓடிபி கேட்கவில்லை. ஏமாந்துவிட்டால் நேரத்தைக் கடத்தாமல் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழையுங்கள்.

9. வீட்டு ஃபைபர் இணைப்பு

சுவரில் இருக்கும் பெட்டியைப் பாருங்கள். எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் வெளியே எங்கோ கேபிள் அறுந்திருக்கிறது, உங்களால் ஆவது ஒன்றுமில்லை. சிவப்பு எரியவில்லை, நெட்டும் இல்லை என்றால் பெட்டியையோ அடாப்டரையோ பார்க்க வேண்டும். புகார் சொல்லும்போது "நெட் வரவில்லை" என்பதோடு நிறுத்தாமல் "எல்ஓஎஸ் சிவப்பு" என்று சேர்த்துச் சொன்னால் நேராகக் கேபிள் ஒட்டும் ஆளை அனுப்புவார்கள். அந்த விளக்கைப் படமெடுத்து வையுங்கள், கட்டணக் கழிவு கேட்கவும் உதவும்.

பெரும்பாலான தெருக்களில் ஃபைபர் மின்கம்பத்தில்தான் கட்டித் தொங்கும். மரம் விழுந்தால் இரண்டும் சேர்ந்து விழும். தொங்கும் ஒயர் நெட் ஒயரா கரண்ட் ஒயரா என்று பார்த்தால் தெரியாது. தொடாதீர்கள், ஒதுக்கியும் கட்டாதீர்கள். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987, அதற்குச் சொல்லுங்கள். மின்வாரியம் கம்பத்தை நட்ட பிறகுதான் கேபிள்காரர் ஏறுவார். அதற்கு முன் அவரைத் திட்டிப் பயனில்லை. மழையில் நனைந்தபடி ஏணியோடு தெருத்தெருவாக ஓடுகிறவர் அவர்.

கையில் ஐந்நூறு கொடுத்தால் முதலில் வருகிறேன் என்பார் யாராவது. தனி வீட்டுக்கு வரும் கடைசி ஒயர் அறுந்திருந்தால் அவரால் ஒட்ட முடியும். தெருவின் மெயின் கேபிள் அறுந்திருந்தால் எவ்வளவு கொடுத்தாலும் உங்கள் ஒரு வீட்டுக்கு மட்டும் நெட் வராது. பக்கத்து வீட்டில் வருகிறதா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

10. கட்டணக் கழிவு

இங்கே எதிர்பார்ப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2024 விதிகளின்படி, ஒரு மாவட்டத்தில் மொபைல் சேவை 24 மணி நேரத்துக்கு மேல் நின்றால் போஸ்ட்பெய்டுக்கு வாடகைக் கழிவும் ப்ரீபெய்டுக்குக் கூடுதல் நாட்களும் தர வேண்டும். ஆனால் இயற்கைப் பேரிடரால் நின்றிருந்தால் அந்தக் கட்டாயம் கிடையாது. மக்கள் அதிகம் தவிக்கும் நேரத்துக்கே விலக்கு கொடுத்திருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனாலும் கேளுங்கள். கடைசித் தேதிக்குப் பின் கட்டினால் போடும் அபராதத்தைக் கேட்டால் தள்ளுபடி செய்துவிடுகிறார்கள். போஸ்ட்பெய்டு பில்லில் ஒரு வாரக் கழிவும் கேட்டவர்களுக்குக் கிடைத்திருக்கிறது. கேட்காதவர்களுக்குத் தானாக வரவில்லை.

வீட்டு பிராட்பேண்டில், புகார் கொடுத்து 3 நாளுக்கு மேல் சரிசெய்யாவிட்டால் வாடகையில் கழிவு உண்டு. இதற்குப் புகார் எண் அவசியம். "கேபிள்காரர்கிட்ட சொல்லிட்டேன்" என்பது கணக்கில் வராது. நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையில் பதிந்த எண்ணும் தேதியும் வேண்டும். மொபைல் புகாருக்கு 198. பதில் திருப்தி இல்லை என்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் 30 நாளுக்குள் போகலாம், கட்டணமில்லை, 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். புகார் எண் இல்லாமல் மேல்முறையீடு எடுக்க மாட்டார்கள்.

11. செப்டம்பர் மாதத்துக்குள் செய்து வைக்க வேண்டியவை

வர்தா, கஜா, மிக்ஜாம், ஃபெஞ்சல் எல்லாமே நவம்பர், டிசம்பரில் வந்தவை. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும். அதற்கு முன் ஓய்வான ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

வீட்டில் உள்ள ஒவ்வொரு சிம்மும் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள், பயன்படுத்துகிறவர் பெயருக்கு மாற்றுங்கள். சாதாரண நாளில் இது சின்ன வேலை. வீட்டில் ஒரே நிறுவன சிம்மாக இருந்தால் இரண்டாவது போனிலாவது வேறு நிறுவனத்தைப் போடுங்கள். ஒரு டவர் போனால் இன்னொன்று நிற்கும்.

நெட் பெட்டிக்கென்றே விற்கும் சின்ன யுபிஎஸ் ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. கரண்ட் போனபின் சில மணி நேரம் தாங்கும். பவர்பேங்க் இருந்தால் எச்சரிக்கை வந்த அன்றே முழுதாக ஏற்றி வையுங்கள். கார், பைக் சார்ஜர் ஒயர் ஒன்று வண்டியிலேயே கிடக்கட்டும்.

ஒரு தாளில் பேனாவால் எழுதுங்கள்: ஒவ்வொருவரின் ஆதார் எண், போன்களின் ஐஎம்இஐ எண், வங்கிக் கணக்கு எண், வெளியூரில் இருக்கும் தகவல் ஆளின் எண், மருத்துவரின் எண். *#06# அழுத்தினால் ஐஎம்இஐ திரையில் வரும். போனில் சேமித்திருப்பது போனோடு போய்விடும், அதனால் தாளில்தான் எழுத வேண்டும். ஜிப் பை ஒன்றில் போட்டு, ஐந்தாயிரமாவது ரொக்கத்தோடு, பரண் மேல் வையுங்கள். ரொக்கம் நூறும் இருநூறுமாக இருக்கட்டும், அந்த நாட்களில் பால்காரரிடம் ஐந்நூறுக்குச் சில்லறை கிடைக்காது.